மோனோவி கிராமத்தின் இரண்டாவது ஆள் யார்?

2021 ஆகஸ்டு 12ஆம் தேதி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊர்வாரியான எண்ணிக்கையை வெளியிட்டது. அதில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மோனோவி கிராமத்துக்கு நேராக 2 என்ற எண் இருந்தது. 2010ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கு ஒருவர்தான். காகிதக் கணக்கைப் பார்த்தால் பத்தாண்டுகளில் நூறு விழுக்காடு வளர்ச்சி.

அந்த ஊரில் குடியிருந்த ஒரே மாது எல்ஸி ஐலர். அவருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது. அப்படியானால் யாரோ தம் கண்ணில் படாமல் ஒளிந்திருக்க வேண்டும், ஆனால் குடியிருக்க இங்கே தம் வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாதே என்று அவர் செய்தியாளரிடம் வேடிக்கையாகச் சொன்னார்.

ஒரே ஆள் வாழும் கிராமம் என்று மோனோவியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். தலைவரும் அவரே, செயலாளரும் அவரே, வரி கட்டுபவரும் அவரே என்று சிரித்துவிட்டுப் போகிற துணுக்குச் செய்தியாகத்தான் அது பெரும்பாலும் வந்திருக்கிறது. நூறு பேருக்கு மேல் இருந்த ஊர் ஒருவரிடம் வந்து நின்றது எப்படி, அந்த ஒருவர் இருக்கும்வரை அது ஏன் சட்டப்படி ஊராகவே நிற்கிறது என்ற கதை அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. அந்த இரண்டாவது ஆளுக்கும் ஒரு விளக்கம் உண்டு.

ஊருக்கு முன்பிருந்த மண்

நெப்ராஸ்காவின் வட எல்லையில், தென் டகோட்டா மாநிலத்தை ஒட்டி பாய்ட் மாவட்டம் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில், நையோபிராரா ஆற்றுக்கும் மிசோரி ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், 12ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக மோனோவி அமைந்துள்ளது. ஊரின் மொத்தப் பரப்பு அரை சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், மக்காச்சோளக் காடு, புல்வெளி. கோடையில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்தில் பனிப்புயல் வந்தால் சாலை தெரியாது.

மோனோவி என்றால் பூ என்று பொருள் சொல்கிறார்கள். அது பூர்வகுடி மொழிச் சொல் என்றும், அவ்விடத்தில் காட்டுப் பூக்கள் மண்டிக் கிடந்ததால் அப்பெயர் வந்தது என்றும் ஊர்ப்பெயர் நூல்கள் குறிக்கின்றன. எந்தப் பூர்வகுடியின் மொழி என்பதை மட்டும் அவை சொல்லவில்லை. பெயரை வைத்துக்கொண்டு, அதைப் பேசியவர்கள் யாரென்று எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

நையோபிராரா ஆறு மிசோரியில் கலக்கும் இடம் மோனோவிக்குக் கிழக்கே உள்ளது. அந்தப் பகுதி பொங்கா இனத்தவரின் தாயகம். 1868இல் சூ இனத்தவருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அமெரிக்க அரசு பொங்கா மக்களின் நிலத்தையும் தவறுதலாகச் சூ மக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. தவற்றைத் திருத்துவதற்குப் பதிலாக, 1877இல் பொங்கா மக்களையே ஊரைவிட்டு வெளியேற்றித் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திச் சென்றது. வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் பலர் நோயில் மாண்டனர்.

அவர்களின் தலைவர்களில் ஒருவர் ஸ்டாண்டிங் பேர். தம் மகன் இறந்தபோது, நையோபிராரா கரையில்தான் அவனை அடக்கம் செய்ய வேண்டும் என்று 1879 ஜனவரியில் கடுங்குளிரில் உடலுடன் வடக்கே கிளம்பினார். சுமார் முப்பது பேர் கூட வந்தனர். அனுமதியின்றி இடம்பெயர்ந்ததாக இராணுவம் அவர்களைக் கைது செய்தது. ஓமாஹா நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சட்டத்தின் பார்வையில் பூர்வகுடி ஒருவர் ‘ஆள்’ என்று கருதப்படுவாரா என்பதே வழக்கில் எழுந்த கேள்வி. ஆம், அவரும் ஆள்தான் என்று நீதிபதி எல்மர் டண்டி 1879 மே 12ஆம் தேதி தீர்ப்பளித்தார். பொங்கா தலைவர் தம் மகனைச் சொந்த மண்ணில் புதைத்தார்.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகளில், இன்றைய பாய்ட் மாவட்டம் அடங்கிய நிலத் துண்டை டகோட்டாவிலிருந்து பிரித்து நெப்ராஸ்காவுடன் சேர்க்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. 1891இல் மாவட்டம் உருவானது. ஆளுநர் ஜேம்ஸ் பாய்ட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். அயர்லாந்தில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை குடியுரிமைப் பத்திரத்தை முழுமையாக முடிக்கவில்லை என்று கூறி, அதே 1891இல் மாநில நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் குடிமகனே என்று தீர்ப்பளித்துப் பதவியைத் திருப்பித் தந்தது. சிறு வயதில் வந்து, வளர்ந்து, தேர்தலிலும் வென்ற ஒருவரை ஒரு பத்திரம் ஆட்டிவைத்த கதை அது.

ரயில் வந்தது, ஊரும் வந்தது

1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுது பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தமாகும். அந்த நிலத்தை நம்பி வந்த குடும்பங்கள் பாய்ட் மாவட்டம் முழுக்கப் பரவின. ஆனால் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போக ரயில் வேண்டும். 1902 வாக்கில் ஃபிரிமாண்ட், எல்க்ஹார்ன் அண்ட் மிசோரி வேலி என்ற ரயில் நிறுவனம் அந்தப் பக்கம் தண்டவாளத்தை நீட்டியது. ரயில் நிற்கும் இடத்தில் மனைகள் பிரிக்கப்பட்டன. அப்படிப் பிறந்தது மோனோவி.

அமெரிக்காவின் நடுப்பகுதிச் சிற்றூர்கள் பல இப்படி உருவானவைதான். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பும் விவசாயி, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்கேற்ற தூரத்தில் ஒரு நிலையம், நிலையத்தைச் சுற்றித் தானியக் கிடங்கு, மளிகைக் கடை, தபால் நிலையம், தேவாலயம், பள்ளி. மோனோவிக்கும் இவையெல்லாம் இருந்தன. உணவகங்கள் இருந்தன, சிறை கூட இருந்தது என்பார்கள். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரில் 123 பேர். அந்தப் பத்தாண்டில் 150 வரை போனது என்றும் சொல்வதுண்டு.

குதிரை வண்டித் தூரத்துக்கு அமைந்த ஊர், மோட்டார் வண்டி வந்ததும் ஆட்டம் கண்டது. ஒரு மணி நேரத்தில் பெரிய ஊருக்குப் போய் வரலாம் என்றால், பக்கத்து மூன்று மளிகைக் கடைகளுக்கு என்ன வேலை? 1930களின் வறட்சியும் விலை வீழ்ச்சியும் பலரின் நிலத்தைப் பறித்தன. உலகப் போருக்குப் பிறகு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. பத்துக் குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரு குடும்பமே பார்த்துக்கொள்ள முடிந்தது. மற்ற ஒன்பது குடும்பங்களும் ஓமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அதற்கு அப்பாலும் போயின.

இது மோனோவிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1910இல் பாய்ட் மாவட்டத்தில் 8,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். 2020இல் 1,810 பேர். அதே மாவட்டத்தின் கிராஸ் என்ற இன்னொரு கிராமத்தில் 2010இல் எண்ணப்பட்டவர்கள் இருவரே.

எது முதலில் மூடியது?

1960இல் ஊர்த் தேவாலயத்தில் ஓர் இறுதிச் சடங்கு நடந்தது. எல்ஸி ஐலரின் தந்தையுடையது. அதற்குப் பிறகு அங்கே இறுதிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. 1967க்கும் 1970க்கும் இடையே தபால் நிலையமும் கடைசி மளிகைக் கடையும் மூடப்பட்டன. 1974இல் பள்ளி மூடப்பட்டது. பின்னாளில் தண்டவாளமும் போனது.

பள்ளி மூடிய ஆண்டை ஊர் செத்த ஆண்டாகக் கொள்ளலாமா என்றால், பெரும்பாலும் கொள்ளலாம். கடை போனால் வண்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் வாங்கிவிடுவார்கள். பள்ளி போனால் பிள்ளை பெற்றவர்கள் புதிதாகக் குடிவர மாட்டார்கள். இருக்கிற பிள்ளைகளும் வளர்ந்து வேலை தேடிப் போவார்கள். ஐலர் குடும்பத்துப் பிள்ளைகள் இருவரும் 1970களில் அப்படித்தான் போனார்கள். 1980இல் ஊரில் 18 பேர். 1990இல் 6 பேர். 2000இல் இருவர்: எல்ஸி, அவர் கணவர் ரூடி. 2004இல் ரூடி காலமானார்.

எல்ஸி ஊரை அறியாமல் ஊரோடு ஒட்டிக்கொண்டவர் அல்லர். மோனோவிக்குச் சற்று வெளியே உள்ள பண்ணையில் வளர்ந்தவர். ரூடியைப் பள்ளி நாளிலேயே தெரியும். ரூடி விமானப் படையில் சேர்ந்தபோது, எல்ஸி விமானப் பணிப்பெண்ணாக வேண்டும் என்ற கனவோடு கான்சஸ் சிட்டிக்குப் போய்ப் பயின்றார், விமான நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். நகரம் ஒட்டவில்லை. 19 வயதில் ரூடியை மணந்து ஊருக்கே திரும்பினார். தந்தை நடத்திய மதுக்கடையை 1971இல் இருவரும் மீண்டும் திறந்தார்கள். மற்றவர்கள் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் திறந்த கடை அது.

மோனோவி டேவர்ன் என்ற அந்தக் கடையில் பீரும் பர்கரும் கிடைக்கும். ஆனால் சுற்றுவட்டாரத்துக்கு அது வெறும் மதுக்கடை அல்ல. பண்ணையார்கள், வேட்டைக்கு வருபவர்கள், லாரி ஓட்டுநர்கள், பக்கத்து ஊர் முதியவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசும் இடம். முப்பது, நாற்பது மைல் ஓட்டி வருபவர்கள் உண்டு. அந்த மேட்டு நிலத்தில் அது பக்கத்து வீட்டுத் தூரம். 2019 மார்ச்சில் நையோபிராரா ஆற்றின் ஸ்பென்சர் அணை பனிக்கட்டி வெள்ளத்தில் உடைந்து, பாலங்களை அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட நாள்களில்தான் அங்கே ‘பக்கம்’ என்பதன் பொருள் புரியும்.

காகிதத்தில் நிற்கும் ஊர்

ஒரே ஆள் குடியிருந்தால் அது வீடு. மோனோவியை மட்டும் ஏன் கிராமம் என்கிறார்கள்?

நெப்ராஸ்காவில் ‘கிராமம்’ என்பது பேச்சு வழக்குச் சொல் அல்ல, சட்டம் வகுத்த ஒரு தரம். 100 முதல் 800 பேர் வரை உள்ள ஊர் கிராமமாகப் பதிவு பெறலாம். அதற்கு மேல் போனால் நகரம். நகரத்திலும் பல தரங்கள் உண்டு. கிராமத்தை ஐவர் வாரியம் நிர்வகிக்க வேண்டும் என்பதே பொது விதி. பதிவு பெறும்போதுதான் நூறு பேர் தேவை. பிறகு ஆள் குறைந்தார்கள் என்பதற்காக மட்டும் பதிவு தானாகப் போய்விடாது. ஆனால் ஊர் செய்ய வேண்டிய கடமைகளை யாராவது செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த வேலையைத்தான் எல்ஸி செய்து வந்தார். தேர்தல் நேரத்தில் அறிவிப்பு ஒட்டுவார். வாக்களித்துத் தம்மைத் தாமே தலைவராகத் தேர்ந்தெடுப்பார். மதுக்கடை உரிமத்துக்கு மாநிலத்திடம் விண்ணப்பிப்பார். அது கிராமச் செயலாளரின் பார்வைக்குத் திரும்பி வரும், அவரே செயலாளர். கடைக்காரராக விண்ணப்பித்ததற்குச் செயலாளராகக் கையெழுத்திடுவார். பொருளாளர் என்ற முறையில் ஆண்டுக்குச் சுமார் 500 டாலர் வரியைத் தம்மிடமே வசூலிப்பார். குடிநீருக்கும் தெருவிளக்குகளுக்கும் அந்தப் பணம் போகும். ஊரில் நான்கு தெருவிளக்குகள். ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அனுப்பினால்தான் மாநில நிதி வரும். அதையும் அவரே எழுதி அனுப்புவார்.

இதைப் படித்தால் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் இந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. வையோமிங் மாநிலத்தின் புஃபர்ட் என்ற இடத்திலும் ஒருவர்தான் வாழ்ந்தார். அது பதிவு பெற்ற ஊர் அல்ல. ஒரு பெட்ரோல் நிலையமும் கடையும் வீடும் கொண்ட தனியார் சொத்து. 2012இல் ஏலம் விடப்பட்டு, 900,000 டாலருக்கு வியட்நாமிய வணிகர் ஒருவரின் கைக்குப் போனது. காப்பித் தூள் விற்பனைக்காக அவர் அந்த இடத்துக்குப் புதுப் பெயரும் சூட்டினார். மோனோவியை அப்படி ஏலம் விட முடியாது. 2018இல் ஆர்பீஸ் உணவு நிறுவனம் உலகின் மிகப் பெரிய விளம்பரச் சுவரொட்டியை விரிக்க மோனோவிக்கு வந்தது. விளம்பரம் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போனது. ஊர் ஊராகவே இருந்தது.

மதுக்கடைக்கு அருகில் சிறு கட்டடம் ஒன்று உள்ளது. பெயர் ரூடி நூலகம். ரூடிக்குப் புத்தகம் என்றால் உயிர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றை வைத்து ஊருக்கு ஒரு நூலகம் அமைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முடிவதற்குள் இறந்துபோனார். குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து வேலையை முடித்தார்கள். சுமார் 5,000 நூல்கள் உள்ளன. வேண்டியவர் எடுத்துச் செல்லலாம், படித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அபராதம் கிடையாது. வாசகர் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர் நூலகர் மட்டும்தான்.

எண்ணைக் கலைத்தவர்கள்

கணக்கெடுப்புத் துறையின் அந்த 2க்கு வருவோம். சிற்றூர்களின் எண்ணிக்கை தகராறுக்கு உள்ளாவது புதிதல்ல. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, வையோமிங்கின் லாஸ்ட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார் என்றது. ஊர்த் தலைவரோ நால்வர் இருக்கிறோம் என்று மறுத்தார். அது எண்ணும்போது நேர்ந்த பிழை. மோனோவியின் கதை வேறு. எண்ணியபின், தெரிந்தே எண் மாற்றப்படும் முறை அது.

அமெரிக்கச் சட்டப்படி, கணக்கெடுப்பில் ஒருவர் தரும் விவரம் வெளியில் தெரியக் கூடாது. வெளியிடும் அதிகாரிக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் ஊர்வாரியாக வயது, இனம், குடும்ப அளவு என்று அட்டவணை போடும்போது, ஆள் குறைந்த ஊரில் இரகசியம் எப்படி நிற்கும்? ஒருவர் மட்டுமே வாழும் ஊரில் ‘80 வயதுக்கு மேற்பட்டோர்: 1’ என்று அச்சிட்டால் அது புள்ளிவிவரம் அல்ல, அந்த அம்மாவின் அடையாள அட்டை. கணினியின் ஆற்றல் பெருகிய பின், பல அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பெரிய ஊர்களிலும் தனி ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதைத் துறையே சோதித்து அறிந்தது.

ஆகவே 2020 கணக்கெடுப்பில் புதிய கணித முறை ஒன்றைக் கையாண்டார்கள். சிறு பகுதிகளின் எண்களில் தற்செயலாக ஒன்றிரண்டு கூட்டுவது, ஒன்றிரண்டு குறைப்பது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இரைச்சல்’. வானொலியில் இரைச்சல் கலந்தால் பாட்டு புரியும், பாடகரின் மூச்சு கேட்காது, அதுபோல. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையில் மட்டும் கை வைப்பதில்லை. நெப்ராஸ்காவின் மக்கள்தொகை 1,961,504 என்பது எண்ணியபடியே வெளியானது. அப்படியானால் மோனோவியில் கூட்டப்பட்ட அந்த ஒருவர், நெப்ராஸ்காவின் வேறு ஏதோ ஓர் இடத்தில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. இந்த முறையால் சில வட்டாரங்களில் பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் வாழ்வதாக எண்கள் வந்தன. பெரிய நகரத்தில் இரண்டு பேர் கூடுவதும் குறைவதும் தெரியாது. பத்துப் பேர் ஊரில் அது ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகையை வைத்து நிதி பிரிக்கும் இடங்களில் சிற்றூர்கள்தான் கவலைப்பட்டன. சிறு பகுதியின் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், பல பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள் என்பது துறையின் அறிவுரை. மோனோவிக்காரரிடம் அதைச் சொல்வது கொஞ்சம் சிரமம்தான்.

கணக்கெடுப்புப் படிவங்களை 72 ஆண்டுகள் பூட்டி வைத்திருந்து, பிறகு பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பது அமெரிக்க வழக்கம். மோனோவியில் 123 பேர் இருந்த 1930ஆம் ஆண்டின் படிவங்கள் 2002இல் திறக்கப்பட்டன. வீட்டுத் தலைவரின் பெயர், தொழில், எங்கே பிறந்தார், வீட்டில் வானொலி உண்டா என்பது வரை அவற்றில் உள்ளது. 2020ஆம் ஆண்டின் படிவங்கள் 2092இல் திறக்கப்படும். மோனோவியிலிருந்து எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்பதை அப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.